கல்லூரிக்கும் பட்டறைக்கும் ஒரே பிள்ளையைத் தயார் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் அரசுப் பள்ளியில் 9 முதல் 12 வரை தொழிற்பிரிவு தொடங்கச் சொல்கிறார்கள். அதில் படிக்கிற பிள்ளைகள் கல்லூரிக்கும் போகலாம், நேரே வேலைக்கும் போகலாம் என்கிறார்கள். நடக்கிற காரியமா? கடைசியில் இரண்டும் கெட்டானாகத்தானே நிற்பார்கள்?"

நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான், ஆனால் அதற்குள் இரண்டு கவலை இருக்கிறது. பட்டறையில் நேரம் செலவழிக்கும் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு சாத்தப்படுமா என்பது ஒன்று. இருக்கிற அதே பாடவேளைகளுக்குள் இரண்டையும் எப்படி அடைப்பது என்பது இன்னொன்று. முதல் கவலைக்கு ஓரளவு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது, அதைக் கொண்டே பதில் சொல்லலாம். இரண்டாவது கால அட்டவணை வேலை. திட்டங்கள் பெரும்பாலும் கவிழ்வது அங்கேதான்.

நம்பகமான சான்றிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் 'கேரியர் அகாடமி' என்றொரு முறை உண்டு. பெரிய உயர்நிலைப் பள்ளிக்குள் 150 முதல் 200 மாணவர்களைத் தனிக் குழுவாக்கி, மூன்று நான்கு ஆண்டுகள் அதே ஆசிரியர்களிடம் விட்டுவிடுவார்கள். வழக்கமான பாடங்களோடு ஒரு துறை சார்ந்த தொழிற்பாடமும், அந்தத் துறை நிறுவனங்களில் களப் பயிற்சியும் சேர்ந்து நடக்கும். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட ஒன்பது பள்ளிகளை எடுத்துக்கொண்டது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக இருந்ததால் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும், பள்ளி முடிந்து எட்டு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். 2008-இல் வந்த முடிவு: இடம் கிடைத்தவர்களின் சராசரி வருமானம் 11 விழுக்காடு அதிகம். உங்கள் கேள்விக்கு முக்கியமானது அடுத்த வரிதான். கல்லூரிப் பட்டமோ சான்றிதழோ பெற்றவர்களின் விகிதத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேர். அதாவது தொழிற்பாடம் படித்ததால் கல்லூரி வாய்ப்பு கெடவில்லை. அதேபோல், படித்ததால் கூடவும் இல்லை. பொதுத் தேர்வு மதிப்பெண்ணும் உயரவில்லை. "தொழிற்கல்வி வந்தால் மார்க் ஏறும்" என்று யாராவது மேடையில் சொன்னால் அந்த வாக்குறுதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். சுவீடனில் தொழிற்பிரிவு இரண்டு ஆண்டாக இருந்தது. அதை மூன்று ஆண்டாக்கி, கூடுதல் மொழிப்பாடமும் பொதுப்பாடமும் சேர்த்து, படித்து முடிப்பவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் தகுதி பெறும்படி 1991-இல் சட்டமாக்கினார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் இது சில ஊர்களில் மட்டும் முன்னோட்டமாக நடந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் எண்ணிக்கை கூடவில்லை. மாறாக, மதிப்பெண் குறைவாக இருந்த பிள்ளைகளில் பாதியில் நின்றவர்கள்தான் அதிகமானார்கள். காகிதத்தில் தகுதி வந்தது, பிள்ளைகள் வரவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பதில் தெளிவாகும். தொழிற்பாடத்தின் மேல் பொதுப்பாடத்தை ஒரு மூட்டையாகத் தூக்கி வைத்தால் முதுகு முறியும். இரண்டையும் ஒரே கயிறாக முறுக்கினால் தாங்கும். முறுக்குவது என்றால் கணக்கு ஆசிரியரும் பட்டறைப் பயிற்றுநரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிடுவது. வேறு மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் இது பழைய பழக்கத்துக்கு நேர் எதிரானது. அமெரிக்காவில் 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் கீழ் தொழிற்பிரிவு மாணவர் பாதி நேரம் பட்டறையில், கால் பங்கு அது சார்ந்த பாடத்தில், மீதிக் கால் பங்கு மட்டும் பொதுப்பாடத்தில் என்று பங்கு பிரித்தார்கள். தொழிற்கல்வியைத் தனிக் கூண்டாக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1915-இலேயே எழுதி வாதாடியிருந்தார். எடுபடவில்லை. பட்டறை என்றாலே 'படிப்பு வராதவன் போகிற இடம்' என்ற பேச்சு வேரூன்றியதில் அந்தக் கால் பங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

முறுக்குவது எப்படி என்று ஒரே ஒரு பாடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். துளையிடும் இயந்திரம், ஹை ஸ்பீடு ஸ்டீல் டிரில் பிட், சாதாரண இரும்புத் தகடு. பயிற்றுநர் வழக்கமாகச் சுவரில் மாட்டிய அட்டவணையைக் காட்டி, "10 மில்லிமீட்டர் பிட்டா, இந்த வேகத்தில் வை" என்று முடித்துவிடுவார். அட்டவணை இல்லாத இடத்துக்குப் போனதும் பையன் திகைத்து நிற்பான். அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம். பிட்டின் விளிம்பு இரும்பின் மேல் நிமிடத்துக்கு 25 மீட்டர் ஓடினால் போதும் என்றால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேண்டும்? ஒரு சுற்றுக்கு விளிம்பு நகரும் தூரம் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கியது. 25 மீட்டர் என்பது 25,000 மில்லிமீட்டர். அதை 31.4-ஆல் வகுத்தால் 796 சுற்று. 5 மில்லிமீட்டர் பிட்டுக்கு 1,592. 20 மில்லிமீட்டருக்கு 398. விட்டம் இரட்டித்தால் சுற்று பாதி. பெல்ட்டை மாற்றி மாட்டும் இயந்திரத்தில் 500, 750, 1,100 என்று சில வேகங்கள்தான் கிடைக்கும் என்றால், 796-க்கு 750-ஐ எடுப்பதா 1,100-ஐ எடுப்பதா? கீழே இருப்பதை எடுக்க வேண்டும். ஏன் என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு வைத்த வேகத்திலேயே 10 மில்லிமீட்டர் பிட்டை மாட்டினால் விளிம்பு 50 மீட்டர் வேகத்தில் தேய்கிறது, நுனி நீலம் பாரித்து மூலை மழுங்குகிறது. அந்த நீலம் பாரித்த பிட்டைக் கையில் கொடுத்து, "என்ன நடந்தது, எப்படித் தெரியும், அடுத்த முறை என்ன மாற்றுவாய்" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி ஆய்வகக் குறிப்பேடு எதிர்பார்ப்பதும் அதே எழுத்துதான்.

இதே மூன்று எண்களைக் கணக்கு வகுப்பில் வரைபடத் தாளில் குறித்தால் எதிர்மாறல் வளைகோடு வரும். இரண்டு மாறிகளின் பெருக்கற்பலன் மாறிலி என்ற பாடத்துக்கு, தொட்டியில் தண்ணீர் நிரப்பும் குழாய்களைவிட இந்த பிட் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பட்டறை எடுத்துக்காட்டோடு நின்றுவிடக் கூடாது. இதற்கென்றே அமெரிக்காவில் ஏழு படிகள் கொண்ட ஒரு முறை உருவாக்கிச் சோதித்தார்கள், அதன் அறிக்கை 2006-இல் வந்தது. தொழிற்பாடத்தைத் தொடங்குவது, அதில் ஒளிந்திருக்கும் கணக்கு பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பது, அந்தக் கணக்கைச் செய்து காட்டுவது, அதே துறையில் வேறு சில கணக்குகள் போடுவது, பிறகு பாடநூலில் வருவது போன்ற வெறும் கணக்குகளைப் போடுவது, பிள்ளைகளே செய்து காட்டுவது, கடைசியில் தேர்வு. ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் பட்டறையில் வேகம் கண்டுபிடிக்கிற பிள்ளை, நுழைவுத் தேர்வில் அதே கணக்கு வேறு எழுத்துகளில் வந்ததும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடும். இந்த முறையில் தொழிற்பாட நேரத்தில் 11 விழுக்காடு, அதாவது ஒன்பது பாடவேளைக்கு ஒன்று, கணக்குக்குப் போனது. மூன்று கணக்குத் தேர்வுகளில் இரண்டில் அந்த மாணவர்கள் மற்றவர்களை முந்தினார்கள், தொழில்திறன் குறையவும் இல்லை. அதில் கலந்துகொண்ட ஆசிரியர்கள் தாங்களாக முன்வந்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆணை போட்டு எல்லார் தலையிலும் கட்டினால் அதே பலன் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இயந்திரம் இல்லாத பிரிவுகளுக்கும் இது பொருந்தும். மருத்துவ உதவியாளர் பிரிவில் 5 விழுக்காடு கரைசலை 0.5 ஆக நீர்க்கச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் 100 மில்லியை எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றுவார்கள். மொத்தம் 1,100 மில்லி ஆகி, செறிவு 0.45-க்கு இறங்கிவிடும். 900 மில்லி தண்ணீரில் ஊற்ற வேண்டும். பங்கும் விகிதமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிக் கொடுக்க இந்தப் பிழையே போதும்.

இப்போது கால அட்டவணை. பெரும்பாலான பள்ளிகளில் அட்டவணை போடுபவர் முதலில் பட்டறையைப் பிற்பகலில் நிரப்புவார். மேல்நிலைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் பள்ளியில் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கும், அதுவும் அதே நேரத்தில் விழும். யாரும் தடுக்கவில்லை, ஆனால் தொழிற்பிரிவுப் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார முடியாது. கல்லூரிக் கதவு இப்படித்தான் ஓசையில்லாமல் சாத்தப்படுகிறது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். ஒரே பிரிவு உள்ள பாடங்களை முதலில் கட்டத்தில் வையுங்கள், அடுத்துப் பட்டறை, மற்றவை மீதிக் கட்டங்களில். தொழிற்பிரிவு மாணவர்களை முடிந்தவரை ஒரே கணக்கு வகுப்பிலும் ஒரே மொழி வகுப்பிலும் சேர்த்து வைத்தால் ஆசிரியர்கள் பேசி வைத்துப் பாடம் நடத்த முடியும். அதற்குக் கணக்கு, மொழி, பட்டறை ஆசிரியர்கள் மூவருக்கும் வாரம் ஒரு பொதுவான ஓய்வு வேளையாவது வேண்டும். இது இல்லாமல் 'ஒருங்கிணைந்த பாடம்' என்பது சுற்றறிக்கையில் மட்டும்தான் இருக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிற்பள்ளிகளில் ஒரு வாரம் முழுக்கப் பட்டறை, மறுவாரம் முழுக்கப் பொதுப்பாடம் என்று மாற்றி மாற்றி நடத்துவது வழக்கம். ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க நேரம் கிடைக்கும், அது பெரிய வசதி. ஆனால் கணக்கும் மொழியும் ஒரு வாரம் இடைவெளி விட்டு வருவதால், பட்டறை வாரத்திலும் கொஞ்சம் எழுத்தும் கணக்கும் இல்லாவிட்டால் திங்கட்கிழமை முழுக்க மறந்ததை நினைவூட்டுவதிலேயே போய்விடும். புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு வாரம் மூன்று இரட்டைப் பாடவேளை என்பதே கைக்கு அடக்கமானது. ஒற்றைப் பாடவேளை வேண்டவே வேண்டாம். கருவிகளை எடுத்து வைத்துத் திரும்ப அடுக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

பட்டறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நேரம் ஒழுகுவது இயந்திரத்தின் முன் வரிசையில். 24 பிள்ளைகள், மூன்று லேத் (கடைசல் இயந்திரம்). ஒரு லேத்துக்கு இருவர் என்றால் ஆறு பேர் வேலை செய்வார்கள், 18 பேர் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். விபத்தும் அங்கேதான் நடக்கும். ஆறு பேர் வீதம் நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு லேத்தில், ஒன்று மேசையில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து அளப்பதில், ஒன்று வரைபடம் படிப்பதில், ஒன்று கணக்கும் அறிக்கையும் எழுதுவதில். 100 நிமிட இரட்டை வேளை என்றால் 45 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, கடைசிப் பத்து நிமிடம் சுத்தம் செய்ய. இரண்டு வகுப்பில் எல்லாக் குழுவும் எல்லா இடத்தையும் பார்த்துவிடும். இன்னொன்று, நிறுவனங்கள் நன்கொடையாகத் தரும் இயந்திரத்தை வாங்கும் முன் அதற்கு ஆண்டுக்கு என்னென்ன தேய்மானப் பொருள் வேண்டும் என்று பட்டியல் கேளுங்கள். வெல்டிங் ராடும் கேஸும் வாங்கப் பணம் இல்லாமல் துணி போர்த்தி நிற்கும் இயந்திரங்கள் ஏராளம்.

நான்கு ஆண்டுகளை எப்படி அடுக்குவது என்றால், 12-ஆம் வகுப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்கள் மாணவர்கள் உண்மையில் போகக்கூடிய மூன்று கல்லூரிகளையும் மூன்று வேலை அல்லது பழகுநர் பயிற்சிகளையும் எடுத்து, ஒவ்வொன்றும் கேட்கும் பாடம், தேர்வு, வயது, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் ஒத்துப்போகும். அமெரிக்காவில் மின்பணியாளர் சங்கமும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து நடத்தும் பழகுநர் நுழைவுத் தேர்வு எதைச் சோதிக்கிறது தெரியுமா? இயற்கணிதத்தையும், படித்துப் புரிந்துகொள்ளும் திறனையும். வயர் இழுக்கத் தெரியுமா என்று அதில் கேட்பதில்லை. அது வேலையில் கற்றுக்கொள்வது. ஆகவே 9-ஆம் வகுப்பில் நான்கைந்து துறைகளைச் சில வாரங்கள் வீதம் தொட்டுப் பார்க்க விடுங்கள். 10-இல் பாதுகாப்பு, அளவை, வரைபடம் என்ற அடித்தளம். 11-இல் ஒரு துறையில் ஆழம். 12-இல் களப் பயிற்சியும் ஒரு முழுப் பொருளைத் தானே திட்டமிட்டுச் செய்வதும். கணக்கு நான்கு ஆண்டும் தொடர வேண்டும். "தொழிற்பிரிவுதானே" என்று கடைசி ஆண்டில் கணக்கை விட்டுவிட்ட பிள்ளை கல்லூரியில் முதல் பருவத்தையே பழைய பாடத்தைத் திரும்பப் படிப்பதில் தொலைக்கும், அல்லது அங்கேயே நின்றுவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் கறாராக இருங்கள். எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் பள்ளிகள் எளிதில் கிடைப்பதைத் தேடிப் போகின்றன. 10 மணி நேரப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டை தேவைதான், ஆனால் அது தொழில்திறன் சான்று அல்ல. ஒரு சான்றிதழைத் திட்டத்தில் சேர்க்கும் முன், அந்தத் துறையில் ஆள் எடுக்கும் மூன்று பேரிடம் கேளுங்கள். இது இருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவீர்களா? இதற்காகக் கூலி கூட்டித் தருவீர்களா? இல்லாதவரைத் திருப்பி அனுப்புவீர்களா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

களப் பயிற்சிக்கு ஒரு பக்கத் திட்டம் போதும்: எந்தெந்த வேலையைக் கற்பார், யார் மேற்பார்வை, வாரம் எத்தனை மணி, யார் கையெழுத்திடுவார். இது இல்லாமல் அனுப்பினால் பிள்ளை ஜெராக்ஸ் எடுத்தும் டீ வாங்கிக் கொடுத்தும் திரும்பும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் எந்த இயந்திரத்தைத் தொடலாம், காப்பீடு யார் பொறுப்பு என்பதை உங்கள் பகுதிச் சட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. மேலே சொன்ன 11 விழுக்காட்டு வருமான உயர்வு பெரும்பாலும் ஆண்களிடம்தான் தெரிந்தது. கனெக்டிகட் மாநிலத் தொழிற்பள்ளிகளைப் பற்றிய ஆய்விலும் அதே கதை: பையன்கள் பள்ளியை முடிக்கும் விகிதம் சுமார் 10 விழுக்காட்டுப் புள்ளி கூடியது, பிறகு வருமானமும் 30 விழுக்காடு அளவுக்குக் கூடியது. பெண்களிடம் வித்தியாசம் இல்லை. அவர்கள் எந்தப் பிரிவுகளுக்குத் திருப்பிவிடப்படுகிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது தீர்ந்துபோன விவாதம் அல்ல. வயதானபின் என்ன ஆகும் என்பது இன்னொரு சந்தேகம். 11 நாடுகளின் தரவைப் பார்த்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதில் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்த அனுகூலம் தலைகீழாகிறது என்றது. தொழில்நுட்பம் மாறும்போது ஒரே இயந்திரத்தை மட்டும் அறிந்தவர் தடுமாறுவார் என்பது அவர்கள் விளக்கம். இரு வகைப் படிப்புக்கும் போகிறவர்கள் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்கள் என்பதால் இதை முழுமையாகப் பிரித்தறிவது கடினம். எப்படியிருந்தாலும், பொதுப்பாடத்தை மெலிய விடாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

வழி திறந்திருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, படி கட்டியிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் பழகுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மீதி ஒன்றிரண்டு நாள் பள்ளியில் இருப்பார். அவரும் மேற்படிப்புக்குப் போக 1994 முதல் தொழில்சார் மெட்ரிகுலேஷன் என்று தனித் தேர்வு இருக்கிறது. அதை முடித்தவர் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேரலாம், இன்னொரு துணைத் தேர்வு எழுதினால் பொதுப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். அப்படி ஒரு தேர்வை உங்கள் பள்ளியால் உருவாக்க முடியாது, அது அரசின் வேலை. உங்களால் முடிந்தது, பிள்ளை எந்தத் தேதியில் எந்தப் படியைத் தவறவிடக் கூடாது என்பதை 9-ஆம் வகுப்பிலேயே பெற்றோர் கையில் எழுதிக் கொடுப்பது.

முதல் பருவம் முடிந்ததும் ஓர் எண்ணைப் பாருங்கள்: தொழிற்பிரிவில் இருப்பவர்களில் எத்தனை பேர் பள்ளியின் மேல்நிலைக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்த எண் பூஜ்யம் என்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அட்டவணையைக் கலைத்துத் திரும்பப் போடுங்கள்.